அந்தச் சாமானியர் யாரைக் கொன்றிருப்பார்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ‘துரந்தர்’ பார்த்தோம். மூன்றரை மணி நேரப் படம், ஒருவர்கூட இடையில் எழுந்து போகவில்லை. இரத்தம் கொதித்தது. அண்மைக்கால இந்திப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்து வருகிறேன். பெரும்பாலும் திட்டித்தான் எழுதுகிறீர்கள். நாட்டுப்பற்றுப் படம் என்றாலே உங்களுக்கு ஆகாதா? 2009இல் ‘உன்னைப்போல் ஒருவன்’ வந்தபோது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். திரையரங்கே எழுந்து கைதட்டியது, நானும் தட்டினேன். அப்படி ஒரு சாமானியன் கிளம்பினால்தான் விடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு கூட்டத்தில் பேசும்போது, 2006 மும்பை இரயில் குண்டுவெடிப்பு நடந்த நாளில் அங்கே இருந்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அதை ஏன் எழுதவில்லை? மறுநாள் காலையே வேலைக்குக் கிளம்பிய மும்பை மக்களின் மனவுறுதியைப் பற்றியாவது எழுதலாமே. பள்ளி விடுமுறையில் அம்மாவோடும் பிள்ளைகளோடும் பார்க்கத்தக்க இந்திப் படங்கள் சிலவற்றையும் சொல்லுங்கள்.

க., பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே, அதாவது அந்த இரயில் குண்டுவெடிப்பு வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன 2025 ஜூலையிலிருந்தே, இது எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்டது ஒரு சாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

‘துரந்தர்’ திறமையாக எடுக்கப்பட்ட படம். அக்‌ஷய் கன்னா அரபுப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே நுழையும் காட்சி எனக்கும் பிடித்திருந்தது. நாட்டுப்பற்றைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நீங்கள் எந்த நாட்டுக்காக இரத்தத்தைக் கொதிக்க விட்டீர்கள் என்பதை ஆற அமர நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் மனக்குறை வேறு. 1999 விமானக் கடத்தல், 2001 நாடாளுமன்றத் தாக்குதல், 2008 மும்பைத் தாக்குதல் என்று நடந்தவற்றை வரிசையாக எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே நடக்காத ஓர் உளவாளியின் கதையை நுழைக்கிறார்கள். பார்ப்பவருக்கு யார் செய்தது, எங்கே இருக்கிறார், எப்படிச் சாக வேண்டும் என்பதெல்லாம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. குண்டு வெடித்த இடத்தில் நின்ற எவருக்கும் அந்தத் தெளிவு வாய்த்ததில்லை.

அக்காலத்தில் நான் ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கும் கொள்முதலும் பார்த்துக்கொண்டிருந்தேன். மும்பைக்குப் போய்ச் சரக்கெடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட், ஆயத்த உடைகளுக்குத் தாராவி. தாராவியில் தையற்கூடம் வைத்திருந்தவர்களில் திருநெல்வேலிக்காரர்களும் உண்டு என்பதால் பேரம் பேசத் தமிழே போதும். 2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை மாலை, ஆறரை மணிக்குச் சற்று முன்பு, ஒரு கூடத்தில் வேலையை முடித்துக்கொண்டு மாஹிம் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்றார் பீடாக்கடைக்காரர். அதை நம்பாமலிருக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. திரையில் எழும் நெருப்பும் புகையும் எதுவும் என் கண்ணில் படவில்லை. தண்டவாளத்தை ஒட்டியிருந்த வீடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் கையில் கிடைத்த போர்வைகளை வாரிக்கொண்டு ஓடியதைத்தான் முதலில் கண்டேன். அவர்கள் பின்னால் போனேன்.

ஸ்டிரெச்சர் எதுவும் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. போர்வைகளில்தான் மனிதர்களைத் தூக்கினார்கள். தொழில் புத்தி எந்த நேரத்திலும் ஆளை விடாது போலிருக்கிறது. மெல்லிய மில் விரிப்புகள் ஆள் பாரம் தாங்காமல் முனையில் கிழிவதையும், சோலாப்பூர் சாதர் என்று சொல்லும் கனத்த பருத்திப் போர்வைகள் மட்டும், நான்கு பேர் நான்கு முனைகளையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தூக்கியபோது, இழுபட்டும் கிழியாமல் நின்றதையும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு முனையை நானும் பிடித்தேன். உள்ளே கிடந்தவர் தம் பையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். எடுத்து வைத்திருக்கிறோம் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. அவருக்குக் காது போய்விட்டது என்பது சற்று நேரம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது.

அன்றிரவு சயான் மருத்துவமனையில் இருந்தேன். உள்ளே கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்களைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், மராத்தியில். ஜவுளிச் சீட்டுகளையும் லாரி ரசீதுகளையும் படித்துப் படித்து அந்த எழுத்து எனக்குப் பழகியிருந்தது. என்னைத் தமிழன் என்று எப்படியோ கண்டுகொண்ட தாராவி அம்மா ஒருவர், “எய்யா, எம் மவன் பேரு இருக்கானு பாருய்யா” என்று கையைப் பிடித்துக்கொண்டார். புதுத் தாள் ஒட்டப்படும்போதெல்லாம் நான் படித்தேன். பெயர் தெரியாதவர்களின் வரிகளும் இருந்தன: ஆண், வயது சுமார் 30. அந்த வரி வரும்போதெல்லாம் சட்டை என்ன நிறம் என்று போட்டிருக்கிறதா என்று கேட்பார். குண்டுகள் முதல் வகுப்புப் பெட்டிகளில் வெடித்தன என்ற செய்தி அதற்குள் பரவிவிட்டிருந்தது. முதல் வகுப்பில் ஏற என் மகனிடம் ஏது காசு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு, அடுத்த தாளைப் படிக்கச் சொல்வார். கைப்பேசிகள் எதுவும் வேலை செய்யவில்லை. பின்னிரவில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஓடிவந்து, மகன் தாதரிலிருந்து நடந்தே வீடு வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். அந்த அம்மா அழவில்லை. தாம் கொடுத்த போர்வை எந்த வார்டுக்குப் போயிருக்கும் என்று விசாரித்தார். தவணையில் வாங்கியதாம், கடன் இன்னும் தீரவில்லையாம்.

யார் செய்தது என்று அந்தத் தாழ்வாரத்தில் ஒருவரும் என் காதுபடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி மறுநாள் செய்தித்தாளோடுதான் வந்தது. வந்த வேகத்திலேயே பதிலையும் கொண்டு வந்துவிட்டது.

இனி உங்கள் சாமானியருக்கு வருகிறேன். ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்துக்கு மூலப்படம் 2008இல் இந்தியில் வந்த ‘எ வெட்னஸ்டே’. நீரஜ் பாண்டே இயக்கியது, நசீருத்தீன் ஷா நடித்தது. அதில் பெயர் சொல்லப்படாத ஒருவர், இந்த 2006 இரயில் குண்டுகளையே காரணமாகக் காட்டி, கைதிகள் நால்வரைக் கேட்டு வாங்குகிறார். விடுவிக்கத்தான் கேட்கிறார் என்று காவல்துறை நினைத்திருக்க, மூவரைக் குண்டு வைத்துக் கொல்கிறார், நான்காமவரைக் காவலர்களைக் கொண்டே கொல்லச் செய்கிறார். வழக்கு நடத்திக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை என்பதே அவருடைய வாதம். நடிப்பு, கட்டுக்கோப்பு, எல்லாம் பிரமாதம். தமிழில் கமல்ஹாசனும் மோகன்லாலும் குறை வைக்கவில்லை. ஆனால் தம்பி, அந்த நால்வரும் குற்றவாளிகள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கதையை எழுதியவர் அப்படி எழுதி வைத்திருக்கிறார், அவர்களே வாயால் ஒப்புக்கொள்கிறார்கள், அதனால் தெரியும்.

நிஜ வழக்கைப் பாருங்கள். பதினொரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வழக்கில் 13 பேர்மீது விசாரணை நடந்தது. 2015இல் சிறப்பு நீதிமன்றம் ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. ஒருவரை மட்டும் விடுவித்தது. அப்துல் வாஹித் ஷேக் என்ற அந்தப் பள்ளி ஆசிரியர் அதற்குள் ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார். தூக்குத் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் 2021இல் சிறையிலேயே இறந்தார். 2025 ஜூலை 21 அன்று உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. அடித்து வாங்கியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்களை அது ஏற்கவில்லை. சம்பவம் நடந்து சுமார் நூறு நாளுக்குப் பிறகு முகங்களை அடையாளம் காட்டிய சாட்சிகளையும் ஏற்கவில்லை. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது; அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற உச்ச நீதிமன்றம், விடுதலையானவர்களைச் சிறைக்குத் திரும்பச் சொல்லவில்லை.

நூறு நாள் என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் தூக்கிச் சென்றவரின் முகத்தை ஓரடி தூரத்தில் பார்த்தவன் நான். அந்தச் சாதரின் ஓரத்தில் இருந்த பச்சைக் கரையை இன்றும் வரைந்து காட்டுவேன். அந்த முகத்தைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஊர் திரும்பி விமான நிலையத்தில் இறங்கியபோதே சொல்ல முடிந்திராது. அப்படியிருக்க, நெரிசல் நேரத்தில் பையோடு போன ஒருவரை, எந்தக் காரணத்துக்காகவும் உற்றுப் பார்க்கத் தேவையில்லாத ஒருவர், மூன்று மாதம் கழித்து வரிசையில் நிற்க வைத்து அடையாளம் காட்டினார் என்பதை வைத்துத் தூக்குக் கயிறு வரை போயிருக்கிறார்கள். உங்கள் சாமானியர் 2006இல் உண்மையாகவே கிளம்பியிருந்தால் யாரைக் கொன்றிருப்பார்? அன்று கைதாகி இருந்தவர்களைத்தான் கொன்றிருப்பார். அந்தப் பள்ளி ஆசிரியரும் அந்த நால்வரில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்கள் கைதட்டியிருப்பீர்கள்.

இதனால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நேர்மாறாக, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு, யார் செய்தது என்ற இடத்திலேயே அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அந்தக் கோபம் முழுவதும் போய்ச் சேர வேண்டியது சரியாகப் புலனாய்வு செய்யாதவர்களிடம். பொறுமையில்லாத நாயகனைக் கொண்டாடும் படம் அந்தக் கோபத்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்பி வைக்கிறது.

மும்பையின் மனவுறுதி என்ற பேச்சை என்னிடம் எடுக்காதீர்கள். மறுநாள் இரயில் ஓடியது உண்மை, கூட்டமும் ஏறியது. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. போர்வைக்குத் தவணை கட்ட வேண்டிய வீட்டில் மனவுறுதிக்கு விடுமுறை எடுக்க வழியில்லை.

குண்டு விழுந்த ஊர் என்றால் நம் ஊரும்தான். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனுக்கு மேலே வந்தபோது சனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்படி நின்றவர்கள்மீதே குண்டுகள் விழுந்தன. அடுத்த வாரமே வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகத் தங்கள் ஆட்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட, ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். ஊரில் படை இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் அறிவிக்கவும் செய்தார். யாரையும் கொல்லாமல் ஓர் ஊரைக் காப்பாற்ற முயன்ற மனிதர். படமெடுக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன். சண்டைக் காட்சி இல்லையே சார் என்கிறார்கள்.

நீங்கள் கேட்ட பட்டியலை மறக்கவில்லை. அம்மாவோடும் பிள்ளைகளோடும் பார்க்க, கிரண் ராவின் ‘லாபதா லேடீஸ்’ போதும். இரயிலில் இரண்டு மணப்பெண்கள் மாறிப்போகிற கதை. இந்திப் படத்து இரயிலில் குண்டு வைக்காமலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கதை சொல்லலாம் என்று தெரிந்துகொள்வீர்கள். நீரஜ் கேவானின் ‘ஹோம்பவுண்ட்’ 2025இல் வந்தவற்றில் நான் மதிக்கும் படம். அதை நீங்கள் மட்டும் முதலில் பாருங்கள், அம்மாவுக்கு மனம் தாங்குமா என்று பிறகு முடிவு செய்யலாம். குண்டுவெடிப்பைப் பற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால், நிஷிகாந்த் காமத்தின் ‘மும்பை மேரி ஜான்’ இதே 2006 குண்டுகளுக்குப் பின் சில மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறது. மாதவனும் இர்ஃபான் கானும் இருக்கிறார்கள். அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃபிரைடே’ 1993 குண்டுவெடிப்புகளைப் பற்றியது. வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முன் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்து வைத்து, 2007இல்தான் திரைக்கு வந்தது. அதில் ஒரு சந்தேக நபரைக் குடிசைச் சந்துகளில் துரத்தும் காவலர்கள் மூச்சு வாங்கி, பாதியில் நின்று, மறுபடி ஓடுவார்கள். நான் பார்த்த இந்திப் போலீஸ் காட்சிகளிலேயே நம்பும்படி இருந்தது அதுதான். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள், விசாரணைக் காட்சிகள் கடுமையானவை.

அன்புடன்.