பாதங்களை வரைந்த சிறுமி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் சிற்பங்கள் அடங்கிய ஒரு படத்தொகுப்பைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் படங்களின் கீழும் ஒரே விளக்கம்: தந்தையின் துரோகம், சிறுவயதுக் காயம். நான் களிமண்ணில் உருவங்கள் செய்து பழகிவருகிறேன். நினைத்துப் பார்க்கவே விரும்பாத ஒரு சிறுவயது எனக்கும் உண்டு. அதைத் தோண்டினால்தான் சிற்பம் வருமா? தோண்டினால் ஆறிவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த விளக்கங்கள் பொய்யல்ல. குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த இளம்பெண்ணோடு பூர்ஷ்வாவின் தந்தை உறவு வைத்திருந்தார். அவள் பல ஆண்டுகள் அதே வீட்டில் இருந்தாள். தாய் தெரிந்தும் பேசாதிருந்தார். தந்தை இறந்தது 1951இல். 23 ஆண்டுகள் கழித்து, 1974இல், 'தந்தையின் அழிப்பு' என்ற படைப்பைச் செய்தார் பூர்ஷ்வா. சிவப்பு வெளிச்சத்தில் ஒரு குகை, நடுவே உணவு மேசை, அதன்மேல் சதைத்திரள்கள். அதிகாரம் செய்யும் அப்பாவைப் பிள்ளைகளே தின்றுவிடும் காட்சி அது. அவ்வளவு காலம் உள்ளே கிடந்த கோபம்.

ஆனால் அந்தக் கதையை அவர் வெளிப்படையாகச் சொன்னது 1982இல். அப்போது வயது 70. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய அதுவரையான படைப்புகளைத் தொகுத்துக் காட்டும் பின்னோக்குக் கண்காட்சியை நடத்திய ஆண்டு. 1949இலேயே அவர் தன் மரச்சிற்பங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். ஆள் உயரத்தில், மெலிந்து, பீடமில்லாமல் தரையில் தனித்தனியே நிற்கும் உருவங்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்வையாளர்கள் கதை தெரியாமலே அவற்றின் முன் நின்றார்கள். இன்னொரு பிரெஞ்சு-அமெரிக்கக் கலைஞரான நிக்கி த சான் ஃபால் 1961இல் சாயப்பைகள் புதைத்த வெண்சாந்துப் பரப்புகளைத் துப்பாக்கியால் சுட்டார். 11 வயதில் தந்தையால் பாலியல் கொடுமைக்கு ஆளானதை அவர் எழுதியது 1994இல்தான். இருவரிடமும் முதலில் வந்தது சிற்பம். ஆகவே சிற்பத்தைக் கதையின் படவிளக்கமாகச் சுருக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பூர்ஷ்வாவின் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. நான் உங்களிடம் சொல்ல விரும்புவது இதைத்தான். அவருடைய பெற்றோர் சித்திரம் நெய்த பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்தார்கள். நூற்றாண்டுகள் சுவரில் தொங்கிய சீலைகளில் முதலில் நைந்துபோவது கீழ்விளிம்பு. அரசர்களுக்கும் வேடர்களுக்கும் கால் இருக்காது. இல்லாத பாதங்களை வரைந்து கொடுக்கும் வேலை, ஏறத்தாழ 12 வயதில் லூயிஸுக்கு வந்தது. வரைந்த கோட்டின்மேல் ஊசிகள் புது நூலை ஓட்டின.

1999இல் அவர் செய்த ஒன்பது மீட்டருக்கும் மேல் உயரமான எஃகுச் சிலந்தியைப் பலர் பயங்கரக் கனவாகவே பார்க்கிறார்கள். அதன் பெயர் 'மமான்'. பிரெஞ்சில் அம்மா. வயிற்றின்கீழ்ப் பையில் பளிங்கு முட்டைகள். அறுந்த வலையை மீண்டும் பின்னும் சிலந்தி, சீலைகளைத் தைத்த அந்தத் தாய்தான். காயம் தந்த வீடே ஊசியையும் தந்தது. முதுமையில் பூர்ஷ்வா தன் பழைய உடைகளையே வெட்டித் தைத்து உருவங்கள் செய்தார். படத்தொகுப்பின் விளக்கங்களில் விடுபட்டுப்போவது இந்த ஊசிதான். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆறுமா என்று கேட்டீர்கள். 1950களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அவர் உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது மனத்தின் ஆழத்தைப் பேசித் தேடும் சிகிச்சைக்கு, சென்றார். அதன் பிறகும், 80 வயதை ஒட்டி, தான் வளர்ந்த வீட்டை இளஞ்சிவப்புப் பளிங்கில் செதுக்கி அதன்மேல் தலைவெட்டும் கருவியான ஒரு கில்லட்டினை நிறுத்தினார். ஆறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் 98 வயதில் இறக்கும்வரை அவர் கை ஓயவில்லை. நினைவு உங்களை மூச்சுமுட்ட வைத்தால், களிமண்ணைத் தொடுமுன் ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். பூர்ஷ்வாவும் சிகிச்சை, சிற்பம் இரண்டையும் சேர்த்தே செய்தார்.

இப்போதைக்குத் தோண்ட வேண்டாம். அந்த வயதில் உங்கள் கைகள் எதைச் செய்யப் பழகின, யாரிடமிருந்து பழகின? முடிந்தால் அதை எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.