எட்டு கிலோமீட்டர் தூரத்து டவுனுக்கு எஸ்.டி.டி. கட்டணமா?

கேள்வி: கிராமத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு, பேங்க், பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாமே 8 கி.மீ. தள்ளியுள்ள டவுனில்தான். ஆனால் அது அடுத்த தாலுகா. கடையின் தரைவழி போனில் அங்கே பேச எஸ்.டி.டி. கோடு போட வேண்டும்; பில்லிலும் தனிக் காசு. எங்கள் தாலுகா தலைமையிடம் 25 கி.மீ.; அது மட்டும் லோக்கலாம்! 200 பேரிடம் கையெழுத்து வாங்கி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மனு போட்டால் எல்லையை மாற்றுவார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கையெழுத்து வாங்கக் கிளம்பும் முன் உங்கள் பில்லையும் பிளான் விவரத்தையும் எடுத்து வைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஏதாவது கிடைக்குமென்றால் அங்கேதான் கிடைக்கும்.

நாட்டைக் கட்டணத்துக்காக 2,600-க்கும் மேற்பட்ட சிறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சில விதிவிலக்கு தவிர, ஒரு தாலுகா ஒரு பகுதி. அதற்குள் பேசினால் லோக்கல். சந்தை எந்தப் பக்கம், பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் பார்த்து எல்லைக் கோடு போடவில்லை. பக்கத்து ஊர் நம்பருக்கு முன்னால் 95 போட்டு அடித்த காலம் ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தலைவலியெல்லாம் இதில் வந்ததுதான்.

உங்கள் யோசனை தப்பில்லை, நாடுதான் வேறு. அமெரிக்காவின் டெக்சாஸில் இதற்கென்றே சட்டம் செய்தார்கள். ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 100 சந்தாதாரர் அல்லது 5 சதவீதம், எது குறைவோ அத்தனை பேர் மனுப் போட்டால் வாக்குச்சீட்டு வரும் என்றது அந்தச் சட்டம். ஓட்டுப் போட்டவர்களில் 70 சதவீதம் சம்மதித்தால் 22 மைலுக்குள் இருக்கும் ஊர் லோக்கலாகும். அதற்கு மேல் 50 மைல் வரை என்றால், பள்ளி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், வியாபாரம் என்று அந்த ஊரை நம்பித்தான் பிழைக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. நீங்கள் கடிதத்தில் அடுக்கியிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். சும்மாவும் கிடைக்கவில்லை: வீட்டு இணைப்புக்கு மாதம் 3.50 டாலர், வியாபார இணைப்புக்கு 7 டாலர் வரை கூடுதலாக வசூலிக்க இடமிருந்தது.

இங்கே அப்படி மனுவும் ஓட்டும் கிடையாது. 1997ஆம் வருட டிராய் சட்டத்தின் 11ஆம் பிரிவில், உங்கள் விஷயத்தைப் பொறுத்தவரை ஆணையத்துக்கு இரண்டு வேலை. கட்டண உத்தரவு போடலாம். கொள்கை விஷயத்தில் மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. பகுதி எல்லை அரசு தரும் உரிமத்தோடு வருவது. 200 கையெழுத்தை அனுப்பலாம், கலந்தாய்வு அறிக்கை வெளியாகும்போது அனுப்பினால் கணக்கில் எடுப்பார்கள். மற்ற நேரத்தில் அது வெறும் தபால். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதும் இல்லை.

2025 பிப்ரவரியில் டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது: தாலுகா அளவை விட்டு, தொலைத்தொடர்பு வட்டம் (பெரும்பாலும் ஒரு மாநில அளவு) முழுக்க ஒரே பத்து இலக்க முறை, தரைவழியிலிருந்து தரைவழிக்கு லோக்கலென்றாலும் 0 சேர்த்து எஸ்.டி.டி. கோடோடு அடிப்பது. கோடு அடிப்பது வேறு, எஸ்.டி.டி. காசு வாங்குவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது பில்லுக்கு வருவோம். லோக்கலும் எஸ்.டி.டி.யும் ஒரே கணக்கு என்று பிளானில் எழுதியிருந்தும் தனியாகப் பிடித்தால் அது சேவைக் குறைபாடு. கம்பெனியின் புகார் மையத்தில் சொல்லி டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். தீராவிட்டால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரி. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசித் தகராறு அங்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடைக்கான போன் ஆயிற்றே என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான். சேவைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பிளானிலேயே தனிக் கட்டணம் என்று அச்சடித்திருந்தால் வழக்கு நிற்காது. பிளானை மாற்றிக்கொள்ளுங்கள், தூரம் பார்க்காத பிளான் இன்று தாராளமாகக் கிடைக்கிறது.