0603 ரெசிஸ்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது

உங்கள் 0603 ரெசிஸ்டர் (போர்டின் மேலேயே பற்றவைக்கும் 1.6 × 0.8 மி.மீ. சிறு பாகம்) ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, மறுமுனையில் ஈயம் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதல் பேடில், அதாவது ரெசிஸ்டரின் முனை உட்காரும் செப்புப் பரப்பில், பற்றவைக்கும் ஈயம் அதிகம். அதனால்தான் அது ஒரு பக்கம் தூக்குகிறது. அந்த முனையை மறுபடி சூடாக்கி, ஈயம் இளகியதும் ட்வீசரால் மெல்ல அழுத்துங்கள். பிறகுதான் அடுத்த முனை. 0.5 மி.மீ. 63/37 கம்பி (63% வெள்ளீயம், 37% காரீயம்), சால்டரிங் அயர்னில் 330 டிகிரி செல்சியஸ் போதும்.

மறுமுனையில் ஈயம் பரவாமல் உருண்டு திரள்கிறது என்றீர்களே, அது பேடு கறுத்ததால் இருக்கலாம். கடலூர் முதுநகர் உப்புக்காற்றில் திறந்து கிடந்த போர்டுக்கு இது சகஜம். பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை) தாராளமாக வையுங்கள்.

முனை ஒட்டியதா என்று பார்க்கும்போது மல்ட்டிமீட்டர் முள்ளை ஈயத்தின் மேல் குத்தாதீர்கள். அந்த அழுத்தமே ஒட்டாத முனையையும் ஒட்டியதாகக் காட்டும். அதே தடத்தின் அடுத்த புள்ளியில் வைத்துப் பாருங்கள்.

செராமிக் கெப்பாசிட்டரை மட்டும் அழுத்த வேண்டாம், உள்ளே விரிசல் விடும். காற்று பட்டு முனை ஆறிவிடாமல் இருக்க மின்விசிறியையும் நிறுத்துங்கள், வியர்த்தாலும் சரி, புகை வெளியேற ஜன்னல் திறந்திருக்கட்டும்.