விஆர் (கண்ணில் மாட்டும் மெய்நிகர்) ஹெட்செட் மாட்டிக் காட்டும் 'சத்தம் தடுக்கும் ஜன்னல்' டெமோவை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். பல மைக் உள்ள கருவியால் தெருச் சத்தத்தை எல்லாத் திசையிலிருந்தும் பதிவு செய்கிறார்கள். 100 முதல் 3150 ஹெர்ட்ஸ் வரை எந்த அலைவரிசையில் எத்தனை டெசிபல் அந்தக் கண்ணாடி தடுக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்த கணக்கு இருக்கும். டெமோவில் ஜன்னலைச் சாத்தியதும் அதன்படி ஒலி குறையும். நீங்கள் தலையைத் திருப்பினாலும் பஸ் சத்தம் ஜன்னல் பக்கமே நிற்கும். அதுதான் ஸ்பேஷியல் ஆடியோ.

வெறும் '35 டெசிபல் குறைக்கும்' என்ற எண்ணை விட இது மேல். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோல் தோன்றும் என்பதைக் காதே சொல்லிவிடும். ஹாரன் நன்றாக அடங்கும். நின்றபடி உறுமும் பஸ்ஸின் 'டுர்ர்ர்' அவ்வளவாக அடங்காது. தாழ்ந்த ஒலியைத் தடுப்பது கடினம். டெமோவில் அந்த உறுமல் சுத்தமாக இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். மலிவான ஹெட்போன் அதை விழுங்கியிருக்கலாம்.

ஏமாற்றம் பெரும்பாலும் வீட்டில்தான். டெமோ ஜன்னலில் இடுக்கே கிடையாது. நிஜத்தில் ஜன்னல் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தாலே, எவ்வளவு உசத்தியான கண்ணாடியும் சுமார் 20 டெசிபலோடு நின்றுவிடும். ஸ்லைடிங் ஜன்னல் என்றால் இடுக்கை அடைப்பது பிரஷ் பட்டையா, ரப்பர் சீலா என்று முதலில் கேளுங்கள்.