யூவி டார்ச் அடித்தால் வீட்டில் எதெல்லாம் ஒளிரும்? ஒளிர்ந்தால் கலப்படமா?

கேள்வி: யூவி டார்ச் அடித்தால் மஞ்சள், பால், வாழைப்பழம் எல்லாம் ஒளிர்வதாக வீடியோக்களில் காட்டுகிறார்கள். வீட்டில் வேறு என்னவெல்லாம் ஒளிரும்? ஒளிர்ந்தால் அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அடித்துப் பார்த்ததில் நன்றாக ஒளிர்ந்தவை பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லாத, தினமும் நாம் சாப்பிடுகிற பொருட்கள்தான்.

என் மச்சான் கார் ஏசி மெக்கானிக். கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, உள்ளே ஒரு சாயத்தை ஏற்றிவிட்டு யூவி டார்ச் அடிப்பார். கசியும் இடத்தில் பச்சையாகப் பளிச்சிடும். அவரிடம் இரவல் வாங்கிய டார்ச்சோடு, இரவில் விளக்கை அணைத்துவிட்டு சமையலறைக்குள் போனேன். அன்று பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை.

நடப்பது இதுதான். யூவி என்கிற புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. சில மூலக்கூறுகள் அதை உள்வாங்கி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகின்றன. டார்ச்சை அணைத்த நொடியே ஒளிர்வும் நின்றுவிடும். அணைத்த பிறகும் இருட்டில் மின்னும் நட்சத்திர ஸ்டிக்கர் வேறு வகை.

மஞ்சளில் இருந்து தொடங்குகிறேன். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து அடித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே தூளைத் தேங்காய் எண்ணெயிலோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலோ கலந்து அடித்தால் பச்சை கலந்த மஞ்சளில் பளீரென்று ஒளிரும். காரணம், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். துடைத்துவிட்டதாக நினைத்த சமையல் மேடையிலும் மஞ்சள் திட்டுகள் தெரியும். இதைப் பார்த்த அம்மா, "சாயம் கலந்திருக்காங்களாடா?" என்று பதறிவிட்டார். "இல்லம்மா, நல்ல மஞ்சள்னாலும் இப்படித்தான் தெரியும்" என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. மஞ்சளில் கலப்படச் சாயம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டார்ச் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டு வையுங்கள். நல்ல தூள் அடியில் படியும், தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுக்க அடர்ந்த மஞ்சளாகிவிட்டால் சந்தேகப்படலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித்தரும் எளிய சோதனை இது.

எனக்கு மிகவும் பிடித்தது கீரை. முருங்கையோ பாலக்கோ, நன்றாக நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள் (அடுப்புப் பக்கம் போக வேண்டாம், ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும்). சாதாரண வெளிச்சத்தில் கரும்பச்சையாக இருக்கும் அந்தச் சாறு, யூவி பட்டதும் ரத்தச் சிவப்பாகிவிடும். முதல் தடவை பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஒரு சத்தம் போடாமல் இருக்க மாட்டார்கள். இது பச்சையத்தின் வேலை. உயிரோடு இருக்கும் இலையில் பச்சையம் வாங்கும் ஆற்றலில் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்குப் போய்விடும், சிவப்பாக வெளியே வருவது மிகக் கொஞ்சம். இலையிலிருந்து பிரித்து எடுத்துவிட்டால் அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை, அதனால் ஒளியாகக் கொட்டுகிறது.

அதே பச்சையம் சிதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாழைப்பழம் சாட்சி. பச்சைக் காயில் அடித்தால் விசேஷமாக ஒன்றும் இல்லை. பழுத்து மஞ்சளான தோலில் அடித்தால் மங்கலான நீலம். பழுக்கும்போது தோலில் உள்ள பச்சையம் உடைந்து உருவாகும் பொருட்கள்தான் இப்படி நீலமாக ஒளிர்கின்றன. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2008-ல்தான் இதை வெளியிட்டார்கள். உலகமே தினமும் தின்கிற ஒரு பழத்தில் இவ்வளவு காலம் யாரும் கவனிக்காத நிறம் இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். தோலில் கரும்புள்ளி விழுந்த பழம் கிடைத்தால் விடாதீர்கள். புள்ளியைச் சுற்றி நீல வளையம் தெரியும். ரசாயனம் தெளித்த அடையாளம் என்று குடும்ப குரூப்பில் சுற்றுவது இந்த நீலமாகவும் இருக்கலாம்.

முட்டையில் பழுப்பு ஓடு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நாட்டுக்கோழி முட்டை என்றால் நல்லது. ஓட்டுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமி சிவப்பாக ஒளிரும். வெள்ளை முட்டையில் அது மிகக் குறைவு.

பாலைவிடத் தயிரின் மேல் தேங்கும் தெளிந்த நீரில் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சை தெரியும். அது வைட்டமின் பி2. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அடித்தால் அதே நிறம் கண்ணைப் பறிக்கும். கரைத்த நீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள், ஒளிர்வு குறைந்திருக்கும். பி2 வெளிச்சத்தில் சிதையும். பாலை வெயில் படும்படி வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடா சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். அதில் உள்ள கொய்னா வான நீலத்தில் ஒளிரும். ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்குங்கள், நீலம் மங்கிவிடும். உப்பில் உள்ள குளோரைடு அந்த ஆற்றலை ஒளியாக வெளிவர விடாமல் தடுக்கிறது. கொய்னாக் கரைசலின் இந்த நீலத்தை விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1845-ல் பதிவு செய்தார். உள்ளே போகும் ஒளியைவிட வெளியே வரும் ஒளியின் அலைநீளம் அதிகம் என்று 1852-ல் விளக்கியவர் இன்னொரு விஞ்ஞானி, ஜார்ஜ் ஸ்டோக்ஸ். நமக்கும் இதில் பங்கு உண்டு. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவுக்காக 1860-களில் நீலகிரியில் சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கினார்கள், நடுவட்டத்தில் தொழிற்சாலையும் வந்தது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது.

டார்ச்சே இல்லாமல் பார்க்க ஆசைப்பட்டால் வேங்கை மரக் குவளை. சர்க்கரை நோய்க்கு என்று விற்கிறார்களே, அதுதான். மருத்துவப் பலன் பற்றி நான் பேச வரவில்லை. அதில் ஊறிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளருக்கு மாற்றி வெயிலில் பிடித்தால், பழுப்பு நீரின் ஓரத்தில் நீலச் சாயல் ஓடும். மெக்சிகோவில் இருந்து வந்த வேறொரு மரத்தின் ஊறல் இப்படி நீலமாவதை ஸ்பெயின் மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் 1565-ல் எழுதிவைத்தார். ஒளிர்வைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று.

துணிக்கு வருவோம். வெள்ளை வேட்டி, சட்டை எல்லாம் டியூப் லைட் போல நீல வெள்ளையில் எரியும். சோப்புத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டிதான் காரணம். சரியாக அலசவில்லை என்று நினைக்க வேண்டாம், துணியில் ஒட்டி நிற்பதற்காகவே உருவாக்கிய பொருள் அது. வெயிலில் உள்ள புற ஊதாவை நீலமாக மாற்றி, துணியின் மஞ்சள் சாயலை மறைக்கிறது.

இதிலிருந்து ரூபாய் நோட்டுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஏ4 தாள் பளபளக்கும், ரூபாய் நோட்டின் தாள் ஒளிராது. வரிசை எண், பாதுகாப்பு இழை, தாளுக்குள் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன இழைகள் போன்றவைதான் ஒளிரும். ஆனால் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிட்ட நல்ல நோட்டில் வெண்மையூட்டி ஏறி, தாளும் ஒளிரத் தொடங்கிவிடும். கடை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் வைத்து ஒருவரைக் கள்ள நோட்டுக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒளிர்வு உண்மையிலேயே விஷத்தைக் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்லடாக்சின் என்ற நச்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதன் வகைகளை பி, ஜி என்று பிரித்ததே யூவி ஒளியில் ஒன்று நீலமாகவும் (Blue) மற்றது பச்சையாகவும் (Green) தெரிந்ததால்தான். ஆனால் ஆய்வகத்தில் அதைக் கடலையிலிருந்து பிரித்தெடுத்த பிறகே பார்க்கிறார்கள். வீட்டில் கடலை மேல் டார்ச் அடித்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. பூஞ்சை தெரிந்தாலோ, கசந்தாலோ, சுருங்கி நிறம் மாறியிருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தோட்டம் உள்ள வீடு என்றால் இந்த டார்ச் வேறு விதத்திலும் உதவும். தேள் நீலப்பச்சையில் தனியாகத் தெரியும், கல்லிடுக்கில் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். புதிதாகத் தோல் உரித்த தேள் மட்டும் ஒளிராது, அதனால் செருப்பில்லாமல் போக வேண்டாம்.

டார்ச் வாங்குவதாக இருந்தால் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் 395. அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். சோப்புத்தூளில் துவைத்த துணி தெரியும், வாழைப்பழமும் முட்டையும் சரியாகத் தெரியாது. 365-லும் முகப்பில் கருப்புக் கண்ணாடி வடிகட்டி உள்ளது இன்னும் நல்லது. கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் குழந்தைகள் உற்றுப் பார்ப்பார்கள், அதனால் டார்ச் பெரியவர் கையில் இருக்கட்டும். கொரோனா சமயத்தில் கிருமி கொல்ல என்று விற்ற யூவி சி விளக்கை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது கண்ணையும் தோலையும் புண்ணாக்கிவிடும்.