ராமன் விளைவு (ஒளி சிதறும்போது அதன் நிறம் சற்று மாறுவது) தவிர, இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன் வேறு என்ன ஆராய்ச்சி செய்தார்?

நிறையவே செய்தார். அவருடைய சொந்த முத்திரை படிகங்களின் காந்தத்தன்மையில்தான் இருக்கிறது என்பேன். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர், கல்கத்தாவில் சி.வி. ராமனோடு வேலை செய்தார். அப்புறம் டாக்கா பல்கலைக்கழகம் போனார். இந்த ஆராய்ச்சி அங்கேதான் சூடுபிடித்தது.

பல படிகங்கள் காந்தப் புலத்துக்கு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பதில் தருவதில்லை. அந்த வேறுபாடு மிகச் சிறியது, அதை அளப்பது எப்படி? மெல்லிய குவார்ட்ஸ் இழையில் குட்டிப் படிகத்தைக் கட்டி, சீரான காந்தப் புலத்தில் தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், படிகம் 45 டிகிரி திரும்பியதும் நிலைகுலைந்து சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை எவ்வளவு முறுக்கினோம் என்பதிலிருந்து வேறுபாட்டைக் கணக்கிடலாம். எவ்வளவு அழகான யோசனை, பாருங்கள்!

நாப்தலீன் போன்றவற்றின் மூலக்கூறுகள் தட்டையானவை. அவை படிகத்துக்குள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதையும் இந்த அளவீடே காட்டிக்கொடுத்தது. கிராஃபைட்டையும் அவர் விடவில்லை. 1940-இல் லண்டனில் உள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.