மூழ்கடித்த போர்க்கப்பல்: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

காரைக்கால்: ஐ.என்.எஸ். கடலூர் கப்பலை, முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கும் அருங்காட்சியகமாகப் புதுச்சேரிக் கடலுக்கடியில் வைக்கும் திட்டம் பற்றிப் படித்தேன். ஓடிக்கிட்டிருந்த கப்பலை ஏன் சார் ஓய்வுக்கு அனுப்புறாங்க?

பதில்: அது கண்ணிவெடி அகற்றும் கப்பல். சோவியத் நாட்டில் கட்டியது. 1987-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 2018 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் கொடி இறக்கியது. கப்பலின் வயதைச் சொல்வது அதன் தகடுதான். தண்ணீரை வடித்துப் பழுது பார்க்கும் உலர்துறையில் ஏற்றும்போதெல்லாம் மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளப்பார்கள். தேய்ந்ததை வெட்டி மாற்றுவார்கள். துரு தகட்டை விட்டுவிட்டு இவற்றைத் தின்னட்டும் என்று பொருத்திய துத்தநாகக் கட்டிகளையும் புதுப்பிப்பார்கள். முப்பது வருஷம் ஆனதும் உதிரிபாகம் கிடைக்காது, மராமத்துச் செலவு கப்பலின் பயனைத் தாண்டிவிடும்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: மூழ்கடிக்கும் முன் என்னென்ன வேலை நடக்கும்?

பதில்: நல்ல கேள்விம்மா. முதலில் எண்ணெய். தொட்டி, குழாய், கப்பலின் அடிவயிற்றில் தேங்கிய கசடு எல்லாவற்றையும் உறிஞ்சி, கழுவித் துடைக்க வேண்டும். அடுத்தது பி.சி.பி. என்ற நஞ்சு. பழைய மின்கம்பி உறை, கேஸ்கெட், பெயிண்ட் இவற்றில் இருக்கும். மீன் கொழுப்பில் சேர்ந்து நம் தட்டுக்கே வரும். அமெரிக்காவில் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பது வரம்பு. 2006-ல் ஓரிஸ்கனி விமானந்தாங்கிக் கப்பலை அந்தக் கம்பிகளோடு இறக்கத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

பிறகு வெட்டும் வேலை. கதவுகளைக் கழற்றி, ஒவ்வொரு அறைக்கும் குறைந்தது இரண்டு வழி, உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிகிற மாதிரி. தலை உயரத்தில் தொங்கும் ஒரு முழம் கம்பி போதும், முக்குளிப்பவரின் முதுகு சிலிண்டர் வால்வில் சிக்கிக்கொள்ளும். பின்பக்கம் என்பதால் சிக்கியவருக்குக் கை எட்டாது. ஆகவே தொங்குவது எதுவும் மிஞ்சக் கூடாது.

மேல்தளங்களில் காற்றுத் துளை போடுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கீழே வெடி வைத்துத் தண்ணீரை விட்டால் மட்டும் ஆகாது, காற்று வெளியேறியாக வேண்டும். பாதி நிரம்பிய அறையில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும், கப்பலும் அந்தப் பக்கம் சாயும், சாயச் சாய இன்னும் ஓடும். ஃப்ளோரிடாவில் 2002-ல் ஸ்பீகல் குரோவ் என்ற கப்பல் நேரத்துக்கு முன்பே மூழ்கித் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்கவே தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது. 2005-ல் டென்னிஸ் புயல் வந்து நிமிர்த்தியது. சான் டியேகோவில் யூகான் கப்பல் 2000-ல், நாள் குறித்தும் கடல் அடங்காமல், வெட்டிய துளை வழியே அலை ஏறிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

திருவாரூர்: நல்லா நீச்சல் தெரியும். கப்பலுக்குள்ள போகலாமா?

பதில்: கூடாது. நீச்சல் வேறு, கூரைக்கு அடியில் முக்குளிப்பது வேறு. உள்ளே வண்டல் மாவுபோலப் படிந்திருக்கும். துடுப்புக்காலை ஒருமுறை உதைத்தால் கலங்கி, கை முகத்தருகே இருந்தாலும் தெரியாது. தனிப் பயிற்சி, வழிக்கயிறு, இரண்டு விளக்கு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு.

நாகப்பட்டினம்: நம்ம ஊருக்கு எப்ப கப்பல் வரும்?

பதில்: அது அரசு எடுக்க வேண்டிய முடிவு. கொள்ளிடம் முதல் ஆற்று முகங்கள் கொட்டும் வண்டலை விட்டு விலகிய, மணல் தரையுள்ள இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக் கலங்கலில் யாரும் இறங்க முடியாது.

வேதாரண்யம்: எங்க பக்கம் வைப்பாங்களா?

பதில்: மேலே சொன்னதுதான். கோடியக்கரைக்குத் தெற்கே ஆழமும் போதாது.

அக்கரைப்பேட்டை, விசைப்படகு: உங்க கப்பல்ல எங்க மடி (இழுவலை) மாட்டினா ஒரு வலை போச்சு. யார் தருவா?

தரங்கம்பாடி, தூண்டில்காரர்: அண்ணே, நீங்க வாரிக்கிட்டுப் போற இடத்துல ஒரு பார் (கடலடிப் பாறை) கிடந்தா எங்களுக்குக் களவா, சங்கரா மீன் கிடைக்கும்.

அக்கரைப்பேட்டை: கிடைக்கும் தம்பி. எங்க மடியை விரிக்கிற பலகையும் அங்கதான் கிடக்கும்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. கப்பல் பார் மாதிரி மீனைக் கூட்டும், வலையையும் பிடிக்கும். மாட்டினால் வலை இழுக்கும் வின்ச்சை முழு விசையில் இழுக்காதீர்கள், படகு சாய்ந்துவிடும். விசையைத் தளர்த்தி, வந்த திசைக்கே திரும்பி மெதுவாக எடுங்கள். வரவில்லையென்றால் வெட்டிவிட்டு இடத்தைக் குறித்துத் தெரிவியுங்கள். அறுந்த வலை ஆளில்லாமலே மீனைக் கொல்லும், முக்குளிப்பவரையும் பிடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், வலை அகற்ற அதுதான் தோது. வைப்பதற்கு முன்பே மீனவ கிராமங்களோடு பேசி இடத்தை முடிவு செய்து, ஜி.பி.எஸ். புள்ளியை எல்லாப் படகுக்கும் கொடுத்து, கடல் வரைபடத்திலும் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் இறக்கும் கப்பலுக்கு நான் ஆதரவு தர மாட்டேன்.

மன்னார்குடி: உள்ளே போய் வீடியோ எடுக்கலாமா?

பதில்: திருவாரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். 2007-ல் ஸ்பீகல் குரோவுக்குள் போன மூன்று பேர் உயிரோடு வெளியே வரவில்லை.

பூம்புகார்: எங்க கடல்லயே பழைய கப்பல் கிடக்குதாமே?

பதில்: கிடக்கிறது. சுமார் 19 மீட்டர் ஆழத்தில் 1791, 1792 என்று பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்த சிதைவு. அது தொல்பொருள், தொடக் கூடாது.

கும்பகோணம்: எத்தனை வருஷம் தாங்கும்?

பதில்: கடல்நீரில் எஃகு வருஷத்துக்குச் சராசரியாக 0.1 மி.மீ. தேயும். இரண்டு பக்கமும் நீர் என்றால் இரட்டிப்பு. 8 மி.மீ. தகடு நாற்பது வருஷத்தில் ஒன்றுமில்லாமல் போகும். மெல்லிய உள்தகடும் கூரையும் அதற்கு வெகு முன்பே இறங்கும். அலுமினியமும் எஃகும் ஒட்டும் இடம் இன்னும் சீக்கிரம் அரிக்கும். ஆண்டுக்கொருமுறை தகட்டை அளந்து, தளர்ந்த அறையின் வாசலைக் கம்பி வைத்து அடைக்க வேண்டும்.